வரிசைப்படுத்துவதில் கணினியின் அல்காரிதத்தை மனித உள்ளுணர்வு வெல்லுமா?

சீட்டுக்கட்டைக் கண நேரத்தில் அடுக்கிவிடும் உங்கள் கையைக் கணினியோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அல்காரிதம் (ஒரு வேலையை முடிக்கும் படிப்படியான வழிமுறை) பாடத்தை இப்போதுதான் தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

என் அம்மா ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் என்ற ஊரில் பல ஆண்டுகளாக இறால் தரம் பிரிக்கிறார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதே 'கவுண்ட்'. 20 முதல் 30 வரை ஒரு கூடை, 30 முதல் 40 வரை மற்றொன்று என்று விசைப்படகில் வந்த குவியலைப் பிரிக்க வேண்டும். கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் படித்தபடியே, எடுத்த இறாலை ஏற்கெனவே அடுக்கியவற்றோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு உரிய இடத்தில் செருகினேன். நான் முப்பதாவது இறாலைத் தொடுவதற்குள் ஒரு கூடையை நிரப்பிவிட்ட அம்மா, "ஐஸ் உருகுது, தலை கறுத்துரும், எந்திரிச்சுப் போப்பா" என்றார்.

அவர் இரண்டு இறால்களை ஒப்பிடவே இல்லை. ஒப்பீட்டை மட்டுமே நம்பும் எந்த முறையும் ஆயிரம் பொருள்களை வரிசைப்படுத்த, மோசமான நிலையில் குறைந்தது 8,530 ஒப்பீடுகளைச் செய்தாக வேண்டும். என் செருகல் முறைக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் ஆகும். அளவின் எல்லைகள் முன்பே தெரிந்திருந்தால், ஆயிரம் பார்வையில் ஆயிரத்தையும் கூடைகளில் போட்டுவிடலாம். கூடைக்குள் வரிசை இல்லையே என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்; ஒப்புக்கொள்கிறேன், அம்மாவிடம் கேட்கப்பட்ட வேலையும் அவ்வளவுதான். கணினியிலும் இதற்கு உறவுமுறை உண்டு: ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே அடுக்கும் எண்ணல் வரிசையாக்கத்தை 1954இல் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் சீவர்ட் உருவாக்கினார்.

இதனாலேயே ஒரு நேர்முகத் தேர்வில் அவமானப்பட்டேன். ஒரு கோடிப் பேரின் வயதை எப்படி வரிசைப்படுத்துவீர்கள் என்றார்கள். வயதுக்கு ஒரு கூடை வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணினால் போதும் என்றேன். "உள்ளுணர்வில் பேசாமல் அல்காரிதம் சொல்லுங்கள்" என்று சிரித்தார் ஒருவர். நான் சொன்னது அல்காரிதம்தான் என்று வாதிட அன்று எனக்கு வாய் வரவில்லை.

உள்ளுணர்வு என்று நான் எதையாவது சொல்வதானால், அது அம்மா உட்காருவதற்கு முன் குவியலைக் கிளறிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். பெரும்பாலானவை ஒரே கூடையில் விழுந்தால் கூடை முறை பயனற்றுப்போகும். ஆகவே பொடி இறால் மிகுந்த நாளில், வாங்குபவர் ஏற்கும் வரம்புக்குள், உயர்ந்த கவுண்டுகளுக்குக் கூடுதல் கூடைகள் வைப்பார். அந்தச் சோதனையையும் நிரலாக எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆயினும் அவருக்கு அதை யாரும் எழுதித் தரவில்லை.

உங்கள் சீட்டுக்கட்டில் 52 சீட்டுகளே உள்ளன, அவற்றின் எண்ணும் இனமும் உங்களுக்கு முன்பே தெரியும். வாக்காளர் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் நீங்களும் நானும் அம்மாவும் கணினியிடம் தோற்போம்.