டாக்டர் பதில்கள்: டி-டைமர் கூடினால் ஆயுள் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. பெருங்குடல் புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து 16 நாள் ஆகிறது. கீமோவுக்கு முன் பார்த்த டெஸ்ட்டில் டி-டைமர் 1,850. 500-க்குள் இருக்க வேண்டுமாம். கூடினால் ஆயுள் குறைவு என்று இணையத்தில் படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: அந்த 16 நாள்தான் இதில் முக்கியம். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகள் வலை பின்னும். அந்த வலையைப் பிளாஸ்மின் என்ற நொதி வெட்டும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். உறைதல், கரைதல் இரண்டுமே நடந்தால்தான் அது ரத்தத்தில் தெரியும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறும் சில வாரங்களுக்கு இது உயர்ந்தே இருக்கும். உங்கள் அப்பாவின் எண்ணில் கட்டியின் பங்கு எவ்வளவு, தையலின் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது.

நீங்கள் படித்ததும் பொய்யில்லை. பல புற்றுசெல்கள் 'டிஷ்யூ ஃபேக்டர்' என்ற பொருளைத் தாங்கி, உறைதலைத் தூண்டிவிடுகின்றன. பரவிய கட்டியில் இது அதிகம். டி-டைமர் கூடியவர்களிடையே இறப்பு விகிதமும் கூடுதல் என்று வியன்னா ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஆளின் ஜாதகம் இல்லை. நிணநீர்க் கணு, பரவல் நிலை இவற்றைச் சொல்லும் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குத்தான் எடை அதிகம்.

எண்ணைக் குறைக்க ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியைச் சேர்த்துப் பார்த்த பெரிய பிரிட்டிஷ் ஆய்விலும் ஆயுள் நீளவில்லை.

அப்பாவின் கால்களைப் பாருங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் கால் வீங்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் நேரே அவசரப் பிரிவு.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு லேபில் டி-டைமர் 480, மறுநாள் இன்னொன்றில் 1,000. எதை நம்புவது?
- வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப்.இ.யு. என்றோ டி.டி.யு. என்றோ இருக்கும். இவை டி-டைமரை அளக்கும் இரண்டு அலகுகள். ஒரு டி.டி.யு. ஏறக்குறைய இரண்டு எஃப்.இ.யு. 'மி.கி./லிட்டர்' என்று போட்டால் 0.5 என்பதுதான் 'நானோகிராம்/மி.லி.' கணக்கில் 500. அளவு தெரியாமல் எண்ணை மட்டும் போனில் சொல்லி டாக்டரைக் குழப்புகிறவர்கள் நிறைய!

இந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கும் நீலமூடிக் குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் காக்கும் சிட்ரேட் திரவம் 1 பங்கு என்பது கணக்கு. கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் மாதிரி நீர்த்து, டி-டைமர் குறைந்து காட்டும். அடுத்த முறையும் ஒரே லேபில், ஒரே அளவில் எடுங்கள்.