வீட்டில் வார்க்கும் ஈய ஜிக்குகளின் எடை ஒன்றுபோல் வர என்ன செய்வது?

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் 10 கிராம் ஜிக் (தூண்டில் முள்ளின் மேல் ஈயத் தலை வார்த்த மீன்பிடி இரை) வார்த்தால் ஒன்று 8.5 கிராமாகவும் அடுத்தது 11 கிராமாகவும் வருகிறது, அரத்தால் ராவிச் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ராவாதீர்கள். ஈயத் தூள் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைவிடக் கெடுதலானது வேறில்லை. எடையை அச்சிலேயே தீர்த்துவிட வேண்டும். வார்த்த பிறகு செய்ய வேண்டியது, ஈயம் ஊற்றிய வாயில் உறைந்து நிற்கும் காம்பை வெட்டுவது மட்டும்தான்.

ஒரே குழியில் இருந்து இரண்டு எடை வருகிறது என்றால் காரணங்கள் சிலவே. எடை கூடுகிறது என்றால் அச்சின் இரண்டு பாதிகளும் முழுதாக மூடவில்லை. ஓரத்தில் மெல்லிய ஈயத் தகடு பிதுங்கியிருக்கும், பாருங்கள். 10 கிராம் உருண்டைக்குப் பாதிகளுக்கு இடையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே அரை கிராமுக்கு மேல் கூடிவிடும். முள்ளின் தண்டு தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் அச்சைத் தூக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். பள்ளத்தை ஆழப்படுத்துங்கள், பாதிகளைக் கவ்வியால் இறுக்குங்கள். எடை குறைகிறது என்றால் அச்சு சூடாக இல்லை, ஈயம் போதிய அளவு சூடேறவில்லை, அல்லது குழியில் அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழி இல்லை. முதலில் வார்க்கும் சிலவற்றை எடை போடவே வேண்டாம். அவை அச்சைச் சூடாக்குவதற்கு. அப்படியே சட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஈயம் உறையும்போது சுருங்கும். குழி நிறைந்ததும் கரண்டியை எடுத்துவிட்டால் ஜிக்கின் தலையில் ஒரு பள்ளம் விழும், எடையும் குறையும். வாய்ப்பகுதியைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்து, அங்கே ஈயம் சிறு குட்டையாகத் தேங்கும் வரை ஊற்றுங்கள். உள்ளே சுருங்கச் சுருங்க, மேலே தேங்கியது இறங்கி நிரப்பும்.

புது அச்சு செய்கிறீர்கள் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். காரீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். 10 கிராம் ஈய உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 11.9 மி.மீ. அந்த விட்டம் 1 மி.மீ. கூடினால் எடை 12.7 கிராம் ஆகிவிடும். கண்ணளவு இதில் உதவாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். உருண்டையாக இல்லாமல் மீன் தலை வடிவில் செய்பவர்கள், மாதிரியை மரத்திலோ களிமண்ணிலோ செய்து, அதன் பருமனை நீரில் பார்க்கலாம். நகை எடை போடும் சிறு மின் தராசில் ஒரு கோப்பை நீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். மாதிரியை மெல்லிய கம்பியில் குத்தி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ, அத்தனை கன சென்டிமீட்டர் அதன் பருமன். அதை 11.34ஆல் பெருக்கினால் ஈயத்தின் எடை. 0.8 காட்டினால் ஏறத்தாழ 9 கிராம். முள்ளின் எடையும் சேர்ந்துதான் நீங்கள் வீசப்போகும் எடை என்பதால், மாதிரியைச் சற்றுச் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழியைப் பிறகு குடைந்து பெரிதாக்கலாம், அடைத்துச் சிறிதாக்குவது கடினம்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதும் எடையில் தெரியும். கார் சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் ஈய எடைகளில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும். சற்று லேசாகவும் கடினமாகவும் வரும். இப்போது இரும்பிலும் துத்தநாகத்திலும் செய்த சக்கர எடைகளும் அதில் கலந்து வருகின்றன. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419இல்தான் உருகும். எனவே சூட்டை அதற்குக் கீழேயே வைத்து, மிதப்பதை வழித்து எடுங்கள். பழைய பேட்டரித் தகடுகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உருக்காதீர்கள். அதில் அமிலமும் உண்டு, ஆர்செனிக் போன்றவையும் உண்டு.

பிளாஸ்டர் அச்சு என்பதால் ஈரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உருகிய ஈயத்தின் அடியில் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். வெயிலில் காய்ந்தது போதாது. அடுப்புச் சூட்டில் வைத்து, இடையிடையே எடை பாருங்கள். எடை குறைவது நிற்கும் வரை அச்சில் ஈரம் இருக்கிறது. சமையலறையில் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கால் சட்டை கட்டாயம். அந்தச் சட்டியும் கரண்டியும் மீண்டும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ரப்பர் மீனை மாட்டிய ஜிக்கில் நீரின் எதிர்ப்பு பெரும்பாலும் அந்த ரப்பரால் வருவது. அப்போது மூழ்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் மாறும். 10 கிராமில் அரை கிராம் கூடினால் வேகம் 2.5 சதவீதம்கூட மாறாது. கழிமுகத்தில் கொடுவாய் மீனுக்கு வீசும்போது அந்த வேறுபாட்டை நீரோட்டமே விழுங்கிவிடும். அதனால் கால் கிராமுக்காக உட்கார்ந்து மெனக்கெட வேண்டியதில்லை. வார்த்தவற்றை எடை வாரியாகப் பிரித்து, 9.5 முதல் 10.5 வரை ஒரு டப்பாவில் போடுங்கள். அதற்கு வெளியே போனவை சட்டிக்கு.

ஏரியிலும் குளத்திலும் வீசுபவராக இருந்தால் வெள்ளீயத்தையும் யோசியுங்கள். அறுந்து விழுந்த சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால்தான் பிரிட்டனில் 1987இல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும், விலை அதிகம். அடர்த்தி 7.3 மட்டுமே என்பதால் உங்கள் 10 கிராம் குழியில் அது 6.4 கிராம்தான் வரும். அதே எடை வேண்டுமென்றால் விட்டத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூட்டி வேறு அச்சு செய்துகொள்ளுங்கள்.