விண்வெளி கேம்களில் ஒளியை மிஞ்சும் பயணம் வெறும் லோடிங் ஸ்கிரீன்தானா?

கேள்வி: விண்வெளி சிமுலேஷன் கேம்களில் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒளியை விட வேகமாகப் போகிறார்களே, அதில் ஏதாவது அறிவியல் இருக்கிறதா, இல்லை லோடிங் ஸ்கிரீனை மறைக்கும் வித்தையா?

லோடிங் ஸ்கிரீன்தான். விண்கப்பல் ஓட்டும் கேமான எலைட் டேஞ்சரஸில் ஜம்ப் அடிக்கும்போது, அதாவது ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, ஒரு சுரங்கத்துக்குள் ஒளிக்கீற்றுகள் பாய்ந்தோடும் இல்லையா, அந்தச் சில விநாடிகளில்தான் போய்ச்சேரப்போகும் இடத்தின் நட்சத்திரம், கோள்கள், நிலையங்கள் எல்லாவற்றையும் கேம் தயார் செய்துகொள்கிறது. ஆனால் அதைப் பல வருடம் ஆடியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்வெளியில் தூரம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு உறைத்ததே இந்த கேமில்தான்.

முதலில் கணக்கு. ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகிறது. சூரியனிலிருந்து பூமிக்கு வர 8 நிமிடம் 20 விநாடி. பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்கு 4.24 ஆண்டு. விநாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டுமானால் ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். இதை உள்ளபடியே கேமில் வைத்தால் யாரும் எங்கும் போய்ச்சேர முடியாது. அதனால் ஏதோ ஓர் இடத்தில் இயற்பியலை வளைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே வளைக்கிறார்கள் என்பதில்தான் ஒரு கேமின் தரம் தெரியும்.

1984-ல் வந்த முதல் எலைட்டில் ஜம்ப் என்பது கண்ணிமைக்கும் நேர வேலை. டேங்க் நிறைய இருந்தாலும் 7 ஒளியாண்டுதான் போகலாம் என்பதே கட்டுப்பாடு. 1993-ல் வந்த அடுத்த பாகத்தில் ஒரு ஜம்ப்புக்கு நாட்காட்டியில் நாட்கள் ஓடும். போய் இறங்கிய பிறகும் காலத்தை வேகமாக ஓடவிட்டுத்தான் கோளை நெருங்க வேண்டும். 2014-ல் வந்த எலைட் டேஞ்சரஸ் பயணத்தை இரண்டாகப் பிரித்தது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஜம்ப். ஒரே நட்சத்திரக் குடும்பத்துக்குள் சூப்பர்குரூஸ், அதாவது நாமே ஓட்டிப் போவது.

என்னைக் கட்டிப்போட்டது இந்த சூப்பர்குரூஸ்தான். அதன் உச்ச வேகம் ஒளியைப் போல 2001 மடங்கு. கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் பெருக்கிப் பாருங்கள். அந்த வேகத்தில் பிராக்சிமாவுக்குப் போக 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பால்வீதியின் மையத்துக்கு, அதாவது 26,000 ஒளியாண்டு, 13 வருடம். ஒளியைப் போல இரண்டாயிரம் மடங்கு வேகமும் நட்சத்திரங்களுக்கு நடுவே எறும்பு ஊர்கிற மாதிரிதான். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் போனாலும் எதிரே தெரியும் நட்சத்திரங்கள் இருந்த இடத்தைவிட்டு அசைந்த மாதிரியே இருக்காது. படங்களில் காட்டுவது போல் நட்சத்திரங்கள் கோடு கோடாகப் பாய வேண்டுமானால் விநாடிக்கு ஓர் ஒளியாண்டாவது போக வேண்டும். அது ஒளியைப் போல 3 கோடியே 15 லட்சம் மடங்கு!

இதை உடம்பில் உணர ஆல்ஃபா சென்டாரியில் இருக்கும் ஹட்டன் ஆர்பிட்டல் என்ற நிலையத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். ஜம்ப் நம்மை முதன்மை நட்சத்திரத்தின் அருகே கொண்டுபோய் விடும். நிலையம் அங்கிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி, பிராக்சிமா பக்கம். நான் முதல் தடவை போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேமை வடிவமைத்தவர்கள் கணக்கில் பிசகிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால், உண்மையான வானத்திலேயே பிராக்சிமா ஆல்ஃபா சென்டாரியின் மற்ற இரண்டு நட்சத்திரங்களிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் விலகி இருக்கிறது. மூன்றையும் ஒரே குடும்பம் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குள் இவ்வளவு வெறுமை இருக்கும் என்று அந்த ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் புரிந்தது. 2024-ல் வந்த புது வகை எஞ்சின் இந்தப் பயணத்தை வெகுவாகச் சுருக்கிவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

சூப்பர்குரூஸில் இன்னொரு அழகு, ஈர்ப்பு. நட்சத்திரத்தையோ கோளையோ நெருங்க நெருங்கக் கப்பலின் வேகம் மட்டுப்படும், விலக விலக ஏறும். போய்ச்சேர இன்னும் 7 விநாடி என்று திரையில் வரும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முக்கால் பங்குக்குக் குறைத்தால் கப்பல் தானாகவே பதமாக இறங்கும். ஆசைப்பட்டு ஒரு நொடி தாமதித்தால் நிலையத்தைத் தாண்டி ஓடிவிடும், ஒரு சுற்று சுற்றி மறுபடி வர வேண்டும். எங்கே பொருள் இருக்கிறது, எங்கே வெறுமை என்பதை வேகமே சொல்லிக்கொடுக்கிறது.

ஜம்ப்பும் சும்மா கிடைப்பதில்லை. சரக்கு ஏற ஏற எட்டும் தூரம் குறையும். எரிபொருளை நட்சத்திரங்களிடமிருந்தே அள்ளலாம், ஆனால் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற நட்சத்திர வகைகளிடம் மட்டும். முழு நட்சத்திரமாக ஆக முடியாமல் போன பழுப்புக் குள்ளர்களிடம் கிடைக்காது. புதிதில் நான் வரைபடத்தில் வகையைப் பார்க்காமல் அடுத்தடுத்து ஜம்ப் அடித்து, பழுப்புக் குள்ளர்கள் மட்டுமே இருந்த ஒரு பகுதியில் டேங்க் காலியாகி நின்றுவிட்டேன். ஃபியூயல் ரேட்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது. இப்படித் தவிக்கிறவர்களுக்கு எரிபொருள் கொண்டுவந்து கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் வீரர்கள், காசு கேட்க மாட்டார்கள். என்னைத் தேடி ஒருவர் வந்தார். இருட்டில் இன்னொரு கப்பலின் விளக்கு தெரிந்த அந்த நேரத்தை மறக்க முடியாது. எல்லா இடத்துக்கும் நொடியில் போய்விடலாம் என்றிருந்தால் அந்த விளக்குக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது.

ஜம்ப்புக்குப் பின்னால் ஒரு நிரல் காரணமும் உண்டு. கேம்களில் இடத்தைக் குறிக்க வழக்கமாகப் பயன்படும் 32 பிட் தசம எண்ணில் ஏழு இலக்கம் அளவுக்குத்தான் துல்லியம். சூரியனை மையமாக வைத்து மீட்டரில் எழுதினால், பூமி இருக்கும் தூரத்தில் எதையும் 16 கி.மீ. படியாகத்தான் நகர்த்த முடியும். 64 பிட்டுக்கு மாறினால் அதே இடத்தில் மில்லிமீட்டரை விட நுணுக்கம் கிடைக்கும், ஆனால் ஓர் ஒளியாண்டுக்கு அப்பால் அதுவும் 2 மீட்டர் படியாகிவிடும். அதனால் ஒவ்வொரு நட்சத்திரக் குடும்பத்துக்கும் தனி மையம் வைத்துக்கொள்வது வசதி. ஜம்ப் என்பது ஒரு மையத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறும் கணம்.

அறிவியல் உண்டா என்ற பாதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-ல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியரே, கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரித்தால் ஒளியை முந்தலாம் என்று ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலுக்குள்ளேயே காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதுதான் நம்மிடம் இல்லை. அது கிடைத்தாலும், ஒளியை முந்தும் எதுவும் கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்ப வழி திறந்துவிடும். கேம்கள் எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்று வைத்து இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும்போது வேறு வழியும் இல்லை.

ஆனால் அதோடு ஓர் அற்புதமும் போய்விடுகிறது. ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய மிச்சமான நண்டு நெபுலா சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். அந்த நட்சத்திரம் வெடித்த ஒளி 1054-ல் பூமிக்கு வந்தது. சீன வானியலாளர்கள் அதை 23 நாள் பகலிலேயே பார்த்ததாகவும், இரவில் ஏறக்குறைய இரண்டு வருடம் தெரிந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒளி பூமியையும் தாண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இன்று நெபுலாவுக்கு நேர் எதிர்த்திசையில் 1,000 ஒளியாண்டு ஜம்ப் அடித்துத் திரும்பிப் பார்த்தால், அங்கே நெபுலா இருக்கக் கூடாது. வெடிக்காத நட்சத்திரம் இருக்க வேண்டும். நான் ஆடிய எந்த கேமிலும் இதைப் பார்த்ததில்லை. யாராவது இதைச் செய்தால் நான் அந்த ஆயிரத்திலிருந்து ஒவ்வோர் ஒளியாண்டாகப் பூமியை நோக்கித் திரும்பி வருவேன். 970-ஐ ஒட்டி ஏதோ ஒரு ஜம்ப்புக்குப் பிறகு, அதுவரை கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் அந்த வெடிப்பின் வெளிச்சம் நிற்கும்.