மூன்று இரவும் கண்முன்தான் இருந்தது

வணக்கம் சார்,

உங்கள் வானியல் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கினேன். வளைய நெபுலா (எம் 57 என்ற வாயு மேகம்) முதல் இரவே சிக்கிவிட்டது. அதன் மேக்னிட்யூட் (பிரகாச எண்) 8.8. ஆனால் 5.7 என்று போட்டிருக்கும் எம் 33 கேலக்ஸியை மூன்று இரவு தேடியும் காணவில்லை. எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? நிலா இல்லாத, இருட்டான இடத்தில்தான் பார்த்தேன். ஆப் காட்டிய இடத்தில் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சில விண்மீன்கள் மட்டுமே இருந்தன. 10 மி.மீ. போட்டும் பயனில்லை. கோளாறு தொலைநோக்கியிலா, என் கண்ணிலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டிலும் இல்லை. அந்த 5.7-ஐ நாம் படிக்கிற விதத்தில்தான் சிக்கல்.

எம் 33-இன் ஒளி மொத்தத்தையும் ஒரே புள்ளியாகக் குவித்தால் அது எவ்வளவு பிரகாசமான விண்மீனாகத் தெரியும் என்பதுதான் அந்த எண். ஆனால் அது புள்ளி இல்லையே. முழுநிலா இரண்டை வரிசையாக வைத்தால் வருகிற நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. வளைய நெபுலாவோ நிலாவின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பரப்புக்குப் பரப்பு கணக்குப் போட்டால் வளைய நெபுலா சுமார் நூறு மடங்கு பிரகாசம். அது முதல் இரவே சிக்கியதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் ஐபீஸ். எட்டு அங்குல டாப்சோனியனின் குவியத்தூரம் பெரும்பாலும் 1200 மி.மீ. இருக்கும். 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு பெருக்கம். சாதாரண ஐபீஸ் என்றால் ஒரு பாகை வானம் தெரியும். அந்த வட்டத்தை எம் 33 கிட்டத்தட்ட முழுதாக அடைத்துக்கொள்ளும். குளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு குளம் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள். மங்கலான பொருள் கண்ணில் படுவதே பக்கத்து வானம் அதைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருப்பதால்தான். அந்தக் கறுப்பு உங்கள் வட்டத்துக்குள் வரவே இல்லை. மி.மீ. குறைந்தால் பெருக்கம் கூடும், வட்டம் சுருங்கும். 10 மி.மீ. போட்டதும் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டீர்கள்.

நானும் ஒரு குளிர்காலம் முழுக்க இதே தப்பைச் செய்தேன். தொலைநோக்கியின் ஆடியில் தூசியா என்றுகூடச் சந்தேகப்பட்டுத் துடைத்தேன் (அதைச் செய்திருக்கக் கூடாது, தனிக்கதை). கடைசியில் சலித்துப்போய் 10x50 பைனாகுலரை எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கண்ணாடியில் மூச்சுப் பட்டு மறைகிற மாதிரி ஒரு வெளிறல், அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் ஆறு பாகை இருட்டு வானம் இருந்ததால் அதன் கரை தெரிந்தது.

நீங்களும் பைனாகுலரில் தொடங்குங்கள். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி எம் 31 தெரிந்திருக்கும். அதிலிருந்து மிராக் விண்மீனுக்கு ஒரு கோடு இழுத்து, அதே கோட்டை மறுபக்கம் ஏறக்குறைய அதே தூரம் நீட்டினால் எம் 33. இடம் மனதில் பதிந்தபின் தொலைநோக்கிக்கு வாருங்கள். இருப்பதிலேயே குறைந்த பெருக்கம் போதும், 30 அல்லது 32 மி.மீ. ஐபீஸ் கிடைத்தால் நல்லது. நேராக இலக்கில் நிறுத்தாமல் இரண்டு பாகை தள்ளி வைத்துக் குழாயை மெல்ல நகர்த்துங்கள். விண்மீன்களைப் பார்க்காதீர்கள், அவற்றுக்கு இடையே உள்ள கறுப்பைப் பாருங்கள். ஓரிடத்தில் அது சாம்பல் தட்டும், கொஞ்சம் போனதும் மறுபடி கறுக்கும். அந்தச் சாம்பல்தான் நீங்கள் தேடுவது. திரும்பத் திரும்ப உள்ளே வெளியே போய்ப் பாருங்கள். கண் அசைவைப் பிடிக்கும் அளவுக்கு நிலையாக நிற்பதைப் பிடிக்காது.

நேர்ப்பார்வை இங்கே உதவாது. விழித்திரையின் நடுவில் மங்கல் ஒளியை உணரும் கோல் செல்களே கிடையாது. வலக்கண்ணால் பார்க்கிறீர்கள் என்றால் பார்வையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கள், இடக்கண் என்றால் இடப்பக்கம். மாற்றிச் செய்தால் பொருள் குருட்டுப் புள்ளியில் விழுந்து காணாமல் போய்விடும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். ஆப் பார்த்தேன் என்கிறீர்களே, ஒவ்வொரு முறை போனை எடுத்ததும் அந்த அரைமணியைத் தொலைத்திருக்கிறீர்கள். இடத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனை உறைக்குள் போடுங்கள்.

பெரிய தொலைநோக்கி வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். எத்தனை பெரிய ஆடியானாலும், விரிந்த பொருளின் பரப்பை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக்க முடியாது, உருவத்தைத்தான் பெரிதாக்கும். இதற்குச் செலவழிப்பதைவிட இன்னும் இருட்டான இடத்துக்குப் போவது மேல்.

படங்களில் காணும் சுருள் கைகளையும் எதிர்பார்க்காதீர்கள். 1764-இல் இதைப் பதிவு செய்த பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே (எம் 33-இல் உள்ள எம் அவர் பெயர்தான்), ஏறத்தாழ ஒரே சீரான வெண்மையான ஒளி, விண்மீன் எதுவும் இல்லை என்றுதான் குறித்தார். 1926-இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் அதே ஒளிக்குள் தனித்தனி விண்மீன்களைப் பிரித்துக் காட்டினார், ஆனால் அவர் கையில் இருந்தது நூறு அங்குலத் தொலைநோக்கியும் ஒளிப்படத் தகடுகளும்.

கேலக்ஸி சிக்கியதும் மையத்திலிருந்து வடகிழக்கே கொஞ்சம் தள்ளி, ஒரு சிறிய விண்மீனை ஒட்டிக் குட்டித் திட்டு ஒன்று இருக்கிறதா பாருங்கள். என்ஜிசி 604. ஏறக்குறைய 27 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறக்கிற வாயு மேகம் அது. 1784-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அதைத் தனியாகவே பட்டியலில் சேர்த்தார். சிறிய பொருள் என்பதால் அதற்கு உங்கள் 10 மி.மீ. ஐபீஸைத் தாராளமாகப் போடலாம்.