ஒரே பெட்டி, மூன்று கட்டணம்: தபால் ஆபீசுக்குத் தபால் ஆபீஸ் ஏன் மாறுகிறது?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் பனை ஓலையில் பெட்டி, கொட்டான் முடைந்து விற்கிறோம். சென்னையில் ஒரு கடைக்கு மாதம் இரண்டு மூன்று பார்சல் போகும். அதே அட்டைப்பெட்டி, அதே சரக்கு, அதே முகவரி. எங்கள் ஊர் தபால் ஆபீசில் ஒரு தொகை வாங்கினார்கள். பக்கத்து டவுனில் அதைவிடக் கூட. மாவட்டத் தலைமை அஞ்சலகத்தில் அதற்கும் மேலே. ஊரில் எடை மட்டும்தான் போட்டார்கள். டவுனில் பெட்டி அளவு என்ன என்று வாயால் கேட்டார்கள். தலைமை அஞ்சலகத்தில் டேப் வைத்து அளந்தார்கள். கேட்டால் எல்லோரும் "கம்ப்யூட்டர் காட்டுறதுதாம்மா" என்கிறார்கள். கடைக்காரரிடம் தபால் செலவை முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. மாறுகிற தொகையெல்லாம் என் கையை விட்டுப் போகிறது. இதில் யார் ஏமாற்றுகிறார்கள்?
(வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் மூன்று இடத்தில் மூன்று விதமாக வாங்கியது தவறுதான். இரண்டும் ஒன்றல்ல, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அஞ்சல் கட்டணப் பட்டியல் நாடு முழுக்க ஒன்றே. எந்த போஸ்ட்மாஸ்டருக்கும் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. கம்ப்யூட்டர் தொகை காட்டுகிறது என்பதும் உண்மை. அதற்குள் என்ன போட்டார்கள் என்பதுதான் கேள்வி. எந்தச் சேவை, எத்தனை கிராம், நீள அகல உயரம், எந்தப் பின்கோடு என்று நாலைந்து விவரங்களைக் கவுண்டரில் இருப்பவர் தட்டுகிறார். ஒன்று மாறினாலும் தொகை மாறும்.

உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம், சரக்கோடு 850 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓலைச் சாமான் எடையில்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். ஸ்பீட் போஸ்ட் பார்சலில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. உங்கள் பெட்டிக்கு 30 × 20 × 15 = 9000. 5000ஆல் வகுத்தால் 1.8 கிலோ. அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ கட்டணம் ஏறும் என்பதால் 2 கிலோ கணக்கில் போகும்.

இப்போது உங்கள் மூன்று ரசீதும் புரியும். ஊர் தபால் ஆபீசில் அளவே எடுக்காமல் 850 கிராமை மட்டும் போட்டார்கள், 1 கிலோ கட்டணம் வந்தது. டவுனில் நீங்கள் சொன்ன அளவைப் போட்டார்கள், 2 கிலோ வந்தது. தலைமை அஞ்சலகத்தில் டேப்பைப் பெட்டியின் வயிற்றில் வைத்து அளந்திருப்பார்கள். சரக்கைத் திணித்து மூடிய அட்டைப்பெட்டி நடுவில் உப்பும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மொத்தம் 2 செ.மீ. கூடினால் போதும். 32 × 22 × 17 = 11,968, அதாவது 2.39 கிலோ. கட்டணம் 2.5 கிலோவுக்குத் தாவிவிடும். ஒரு விரற்கடை உப்பலுக்கு அரைக் கிலோ காசு!

பெட்டி உப்பாமல் இருந்தால் விதிப்படி சரியானது நடுவில் உள்ள டவுன் தொகை. ஊரில் குறைத்து வாங்கியதை நம்பிக் கடைக்காரரிடம் விலை பேசாதீர்கள். அங்கே வேறொருவர் கவுண்டருக்கு வந்த அன்றே கணக்கு உதைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெட்டியின் பக்கவாட்டில் நீளம், அகலம், உயரத்தை மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுங்கள். எழுதியிருந்தால் பெரும்பாலும் அதையே போடுவார்கள். சந்தேகம் வந்தால் உங்கள் கண்முன்னே அளப்பார்கள். மூடியை அழுத்தி டேப் ஒட்டி உப்பலை அடக்குங்கள். ஓலைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் சற்றுச் சின்ன அட்டைப்பெட்டியே போதும். 28 × 18 × 14 அளவில் ஒரு பெட்டி கிடைத்தால் 1.41 கிலோதான் வரும், 1.5 கிலோ கட்டணத்தோடு முடியும். மாதம் மூன்று பார்சல் போடுகிறவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

எனக்கு இதில் வருத்தம் ஒன்று உண்டு. வால்யூமெட்ரிக் எடை என்று ஒன்று இருப்பதைக் கவுண்டரில் ஒருவராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 5000ஆல் வகுக்கும் இந்தக் கணக்கைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட எத்தனை காசு ஆகும்? கைத்தொழில் செய்து பார்சல் அனுப்பும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்வது அஞ்சல் துறையின் கடமை.

கேள்வி: நான் சிறு பதிப்பாளர். பழைய பதிவுப் புத்தக அஞ்சல் நின்றதிலிருந்து தலைவலிதான். புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது என்று போனால் ஓர் அஞ்சலகத்தில் எடுத்துக்கொள்கிறார்கள், இன்னொன்றில் "அப்படி ஒண்ணும் இல்ல சார், ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க" என்கிறார்கள். கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். எது சரி?
(வாசகர், திருச்சி)

பதில்: ஞான் போஸ்ட் இருக்கிறது. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தினார்கள். தமிழில் சின்னப் பதிப்பகங்கள் நடந்ததே அந்தச் சேவையை நம்பித்தான், அதனால் எல்லோருக்கும் அடி விழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், ஆகவே தாமதமாகும். ஆனால் எங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்கலாம்.

இல்லை என்று சொல்லும் இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, அங்குள்ளவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "ஞான் போஸ்ட்டில் போடுங்கள்" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கவரின் மேலும் பெரிதாக எழுதுங்கள். அப்படியும் மறுத்தால் போஸ்ட்மாஸ்டரைப் பாருங்கள். பெயர் சொல்லாமல் "புக் அனுப்பணும்" என்று நீட்டினால் ஸ்பீட் போஸ்ட்டில்தான் விழும்.

இரண்டாவது, மறுப்பு நியாயமாகவே இருக்கலாம். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். வியாபார விளம்பரம் கூடாது, புத்தகப் பட்டியல் போன்றவைக்கு மட்டும் விலக்கு உண்டு. பருவ இதழ்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: நாவலோடு உங்கள் காலாண்டிதழையும் வைத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கவுண்டரில் பிரித்துப் பார்க்காமல் எடுத்திருப்பார்கள், இன்னொன்றில் இதழைப் பார்த்துவிட்டு மறுத்திருப்பார்கள். இதழைத் தனியாக அனுப்புங்கள்.

சிற்றிதழ்களை ஒதுக்கியது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். இலக்கிய இதழ் நடத்துகிறவர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். பதிப்பாளர்கள் சேர்ந்து துறைக்கு எழுத வேண்டும்.

கேள்வி: ஐம்பது கிராம்கூட இல்லாத கவருக்கு ஓர் அஞ்சலகத்துச் சுவரில் 35 ரூபாய் என்று போட்டிருக்கிறது. வாங்குவதோ 55 ரூபாய்க்கு மேல். "பதிவுத் தபாலில் போடுங்கள்" என்றால் அது இல்லை என்கிறார்கள்.
(வாசகர், வேலூர்)

பதில்: சுவரில் இருப்பது பழைய பட்டியல். 2012 அக்டோபரில் போட்ட ஸ்பீட் போஸ்ட் கட்டணம் அது. 2025 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது. 50 கிராம் வரை உள்ளூருக்குள் 19 ரூபாய், வெளியூருக்கு 47. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 55 ரூபாய் 46 காசு. பட்டியலில் இருப்பது வரி சேராத தொகை என்பதை மறக்க வேண்டாம். "போர்டில் ஒன்று, பில்லில் ஒன்று" என்று எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த 18 சதவீதம்தான். தனிப் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. முகவரியாளர் கையிலேயே தர வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டிப் 'பதிவு' கேட்கலாம். மாணவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். பழைய பட்டியலைக் கிழிக்கச் சொல்லி போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ரசீதை வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? எண்ணாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை.
(வாசகி, மதுரை)

பதில்: முதலில் பார்சல் எண். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்' என்று இருக்கும். தொடக்க எழுத்து 'இ' என்றால் ஸ்பீட் போஸ்ட், 'சி' என்றால் பார்சல். நீங்கள் கேட்ட சேவைதானா என்று அந்த எழுத்தைப் பார்த்ததுமே ஒருவாறு தெரிந்துவிடும். அடுத்து எடை. வீட்டில் சமையல் தராசில் போட்டுக் குறித்துக்கொண்டு போயிருந்தால் ஒப்பிடலாம், ஆனால் டேப்பும் அட்டையும் சேர்த்துப் போட வேண்டும். 1000 கிராமுக்கும் 1005 கிராமுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. எல்லையை ஒட்டி வந்தால் ஒரு கைப்பிடி சரக்கைக் குறைப்பதே நல்லது, தராசுக்குத் தராசு சில கிராம் மாறும்.

பிறகு பின்கோடு. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. உள்ளூர், 200 கி.மீ. வரை, 500 வரை, 1000 வரை, 2000 வரை, அதற்கு மேல் என்று படிகள். அனுப்பும் அஞ்சலகம் மாறினால் சில சமயம் தூரப் படியே மாறும், அது நியாயமான வித்தியாசம். ஆனால் இலக்கம் மாறித் தட்டியும் தொகை ஏறும். தென்மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு ஊறுகாய் அனுப்பினேன். 628 என்று எழுதியிருந்தேன். பணம் கட்டி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரசீதைப் பார்க்கிறேன், 682 என்று இருக்கிறது. அது எர்ணாகுளம்! திரும்ப ஓடினேன். தபால் பையை இன்னும் கட்டவில்லை, கவுண்டரில் இருந்த அம்மா மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார், மீதியையும் தந்தார். வரிசையில் நிற்பவர்கள் முனகினாலும் பரவாயில்லை, ரசீதைப் படிக்காமல் நகர்வதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: பத்து இருபது ரூபாய்க்காகப் புகார் கொடுத்தால் யாராவது மதிப்பார்களா?
(வாசகர், சேலம்)

பதில்: மதித்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் சென்னைப் புறநகர் அஞ்சலகம் ஒன்றில் ஒருவர் பதிவுத் தபால் அனுப்பினார். கட்டணம் 29 ரூபாய் 50 காசு, கொடுத்தது 30 ரூபாய். மீதி 50 காசு வரவில்லை. காஞ்சிபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2024இல் அந்த 50 காசைத் திருப்பித் தரவும், 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கவும் அஞ்சல் துறைக்கு உத்தரவிட்டது. ஐம்பது காசுக்கே அப்படி.

எடுத்த எடுப்பில் ஆணையத்துக்குப் போக வேண்டாம். முதலில் போஸ்ட்மாஸ்டரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். "எந்தச் சேவை, எந்த அளவு, எந்த எடையின்படி இந்தத் தொகை?" என்ற ஒரே கேள்வி போதும். கோபமாக எழுதத் தேவையில்லை, கவுண்டரில் இருப்பவர்களும் நாள் முழுக்கக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். பதில் வராவிட்டால் அஞ்சல் துறையின் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண், அடுத்து கோட்டக் கண்காணிப்பாளர். அஞ்சல் துறை அவ்வப்போது நடத்தும் 'டாக் அதாலத்' என்ற குறைகேட்பு முகாமிலும் மனுக் கொடுக்கலாம். கணக்கு விவரத்தை மறைத்தால் 10 ரூபாயில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்துக்கே போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். அதன் மை சீக்கிரம் மங்கிவிடும், கவுண்டரில் நிற்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

தூத்துக்குடிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை: அளவை எழுதி, உப்பலை அடக்கி, அடுத்த முறை அதே மூன்று அஞ்சலகத்திலும் ஒவ்வொரு பார்சல் போட்டுப் பாருங்கள். மூன்று ரசீதையும் எனக்கு அனுப்பி வையுங்கள். தொகை அப்போதும் மாறினால் கண்காணிப்பாளருக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.