மோட்டார் ரூம் நாய்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. மூன்று வாரத்துக்கு முன் கோவையில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்றைக் கொண்டுவந்தேன். வண்டியில் அடிபட்டது, பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும். வந்ததிலிருந்து மோட்டார் ரூமுக்குள்ளேயே கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு கொஞ்சினாலும் சுவரோடு ஒண்டுகிறது. பால் கறக்க வருகிற அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் பின்னாலேயே போகிறது! போன வாரம் இரண்டு கோழியைக் கொன்றுவிட்டது. “தெருநாய் தோட்டத்துக்கு ஆகாதுங்க, ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிக் கட்டுங்க” என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். திருப்பிக் கொடுத்துவிடலாமா? நன்றியுள்ள பிராணி என்பதெல்லாம் சும்மாதானா?

கே.

அன்புள்ள கே.,

திருப்பிக் கொடுக்காதீர்கள். மூன்று வாரம் ஒரு கணக்கே அல்ல.

அந்த நன்றி விஷயத்தை முதலில் பேசிவிடலாம். நீங்கள் அதைக் காப்பாற்றினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதற்குத் தெரிந்ததெல்லாம் பழகிய கூண்டிலிருந்து யாரோ தூக்கி வண்டியில் ஏற்றினார்கள், இறக்கிவிட்ட இடத்தில் ராத்திரி ஒரு தெருவிளக்குகூட இல்லை என்பதுதான். இதற்கு எதற்கு வாலாட்ட வேண்டும்?

நன்றாக இருக்கும் தெருநாயைக் கருத்தடை செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகள் சொல்கின்றன. அதனால் காப்பகத்தில் தங்கிப்போவது பெரும்பாலும் அடிபட்டதும், வீட்டிலிருந்து விரட்டப்பட்டதும்தான். மனிதர் கை நீண்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு வந்தவை. நீங்களோ குனிந்து, கண்ணோடு கண் பார்த்து, தலைமேல் கையைக் கொண்டுபோகிறீர்கள். நாய்க்கு அது மிரட்டல். நீங்கள் கொஞ்சும்போது அது கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கிக்கொண்டாலோ, தூக்கம் பசி என்று நினைக்க வேண்டாம். ‘போதும், எழுந்து போ’ என்று அர்த்தம். பால்காரம்மாவைப் பாருங்கள். தினமும் அதே நேரம், அதே செம்புச் சத்தம். அதனிடம் எதுவும் கேட்பதில்லை. நான் நாயாக இருந்தால் நானும் அவர் பின்னால்தான் போவேன்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த கறுப்பி 11 நாள் கட்டுத்தரைத் தாழிக்குப் பின்னால் கிடந்தாள். நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஐந்தாம் நாள் பாவம் என்று அவிழ்த்துவிட்டேன், ஓடிப்போய்விட்டாள். இரண்டு நாள் தேடி, ஆறு கிலோமீட்டர் தள்ளி பஸ் ஸ்டாண்ட் பேக்கரி வாசலில் கண்டுபிடித்தோம். சுற்று வட்டாரத்தில் அவளுக்குப் புரிந்த ஒரே இடம் அதுதான் போல. ஹாரன் சத்தம், கால்கள், கீழே விழும் பன். நமக்குத்தான் தோப்பு சொர்க்கம்.

அப்புறம் 30 அடிக் கயிறு வாங்கினேன். காலையிலும் மாலையிலும் அவளை அதில் பிடித்தபடி வேலியோரமாக ஒரு சுற்று. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு. தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். 12ஆம் நாள் என் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்கத் துடித்தது. பார்க்கவில்லை.

கோழி விஷயம். செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்திவிடும் என்று யாராவது சொல்வார்கள். நாங்களும் கட்டினோம். கறுப்பி அதை அவிழ்த்துத் தின்றுவிட்டாள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அடித்தால் உங்களைக் கண்டு பயப்படுமே தவிர, கோழிக்கும் அடிக்கும் முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. கயிற்றோடு கூண்டுப் பக்கம் கூட்டிப் போங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு ஈரல். மறுநாளும் அதையே செய்யுங்கள். சிப்பிப்பாறை நல்ல நாய்தான். ஆனால் முயல் விரட்டிப் பிடிக்கவென்றே வளர்த்த இனம். ஓடுகிற கோழியை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் எதை வைத்துச் சொல்கிறாரோ!

எனக்குப் பெரிய கவலை வேறு. தென்னை மட்டைக் குவியலில் பாம்பு இருக்கும்; புது நாய் மூக்கை விட்டுத்தான் விசாரிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் ஊரில் ஒரே விஷமுறிவு மருந்துதான், நாய்க்கும் அதையே போடுவார்கள். உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் இருப்பு உண்டா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். குவியலையும் அகற்றிவிடுங்கள். எலி மருந்து வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றும் நாய் சாகும். வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம், காப்பகத்தில் கொடுத்த அட்டையில் தேதி இருக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் கறுப்பி களத்து நடுவில், வேப்பமர நிழலில், நான்கு காலையும் நீட்டி வயிறு தெரியப் படுத்திருந்தாள். டிராக்டர் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மோட்டார் ரூம் கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். உள்ளே ஒயர் ஏதாவது தொங்கினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். கோழிகள் இன்னும் ஒரு மாதம் கூண்டிலேயே இருக்கட்டும்.