சின்ன அலுவலக அறையைக் குறைந்த செலவில் பார்க்கும்படி மாற்றுவது எப்படி?

"மதுரையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், ஒரு டியூப் லைட், ஒரு இரும்பு மேசை, அவ்வளவுதான். 15,000 ரூபாய்க்குள் அலங்கரிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சிம்மக்கல்லில் ஒரு மாடியில், அதே அளவு அறையில்தான் எட்டு வருடமாக நான் வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அறையை மாற்றினேன். ஆன செலவு 13,400 ரூபாய். செய்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நாற்காலியில் உட்காராமல், வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் போய் உட்காருங்கள். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கால் மணி நேரம். போனை எடுக்க வேண்டாம். என்னென்ன கண்ணில் படுகிறது, எது உறுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கையில் அந்தத் தாள் இருந்தால் கடையில் தேவையில்லாததை வாங்க மாட்டீர்கள்.

எனக்கு இது தானாகத் தோன்றவில்லை. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, மஞ்சப்பையில் ஒரு வரி நோட்டீஸை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பேசப் பேச நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னம்மா, ஏதும் மனசு சரியில்லையா என்று கேட்டேன். "இல்ல தாயி, வெயிலு மூஞ்சியில அடிக்குது. நீ இருக்கிறதே தெரியல" என்றார். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். என் இருக்கைக்குப் பின்னால் மேற்கு ஜன்னல். எதிரே இருப்பவருக்கு நான் ஒரு கறுப்பு நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். மேசைக்கு அடியில் ஒயர்கள் பிணைந்து கிடந்தன. சுவரில் ஆறு காலண்டர். ஏற்கெனவே பயந்துபோய் நோட்டீஸோடு வருகிறவர்களை ஐந்து வருடமாக இப்படி உட்கார வைத்திருக்கிறோமே என்று மனசு கஷ்டப்பட்டது.

அன்றைக்கே மேசையைத் திருப்பிப் போட்டேன். ஜன்னல் இப்போது இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் வருகிறது. அதற்குக் காசு இல்லை. ஆனால் வெயில் அப்படியே இருந்தது. அதற்கு மூங்கில் தட்டி வாங்கி ஜன்னலுக்கு வெளியே கட்டினேன், 850 ரூபாய் ஆனது. உள்ளே திரை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரைத்துணியைச் சூடாக்கும், அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும். வெளியிலேயே மறித்துவிட்டால் கண்ணாடியே சுடாது. ஏசி இல்லாத அறையில், சித்திரை வைகாசியில், இந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும். வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் இன்னும் குளுமை, வாசனையும் உண்டு. நம் ஊர் வெயில் வறண்ட வெயில் என்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஜன்னலை ஒட்டிக் கம்ப்யூட்டரோ ஃபைலோ இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது சுவர். இதில் நான் பட்டதை நீங்கள் படக்கூடாது. தொழில் தொடங்கிய புதிதில் வடக்குச் சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. செங்கல் மாதிரி படம் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ரோல் வாங்கி ஒட்டி மறைத்தேன். ஒரு மாதம் அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஸ்டிக்கருக்குப் பின்னால் தண்ணீர் கோத்து, பூஞ்சை பிடித்து, அறை முழுக்க நாற்றம். உரித்தபோது பூச்சும் சேர்ந்து பாளம் பாளமாக வந்தது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே ஆவியாகிப் போக வேண்டும். பிளாஸ்டிக் அதற்கு வழிவிடாது.

ஆகவே பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு பாலித்தீன் தாளை, இரண்டு சாண் அளவுக்கு, சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். என் அறையில் வெளிச்சுவர் ஓரமாக இறங்கும் மழைநீர்க் குழாய் உடைந்திருந்ததுதான் காரணம். வீட்டுக்காரரிடம் நேரில் கூட்டிப்போய்க் காட்டினேன், அவர் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். உடனே பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டதற்குப் பெயிண்டர் அண்ணன், "அவசரப்படாதீங்கக்கா, செவுரு காயட்டும். இப்ப அடிச்சா மூணு மாசம்தான்" என்று சொல்லிவிட்டார். மாசி வரைக்கும் காத்திருந்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளினார்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் கதவு, ஜன்னல் போகச் சுவர் ஏறத்தாழ 400 சதுர அடி வரும். சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் அறுபது, எழுபது சதுர அடிக்குக் காணும். ஏழு லிட்டர் வாங்கினோம். பட்டி, பிரைமர், கூரைக்கு வெள்ளை, கூலி எல்லாம் சேர்த்து 6,300. மொத்தச் செலவில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆனாலும் இதில் கை வைக்காதீர்கள். டிஸ்டம்பர் மலிவு என்பார்கள்; சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், அழுக்கைத் துடைக்கவும் முடியாது. நிறம் நான் போட்டது வெளுத்த சந்தன நிறம், பளபளப்பு இல்லாத ரகம். கூரையை வெள்ளையாகவே விடுங்கள். சின்ன அறையில் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கீழே வருகிறது. ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் அடிக்கச் சொல்லிப் பல பேர் யோசனை சொல்வார்கள். பெரிய அறைக்கு அது சரி. நம் அளவுக்கு அந்தச் சுவர் இரண்டடி முன்னால் வந்து நிற்பது போல இருக்கும்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குறைந்த காசில் அதிக மாற்றம் கிடைக்கிறது. எல்இடி பெட்டியின் மேல் 6500, 4000, 3000 என்று ஒரு எண் போட்டிருக்கும். அது வெளிச்சத்தின் நிறம், கெல்வின் கணக்கில். 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பது அதைத்தான். முகங்கள் அதில் வெளிறித் தெரியும். 3000 மஞ்சள், வீட்டுக்கு நன்றாக இருக்கும், எழுத்து வேலைக்குத் தூக்கம் வரவைக்கும். நடுவில் இருக்கும் 4000ஐக் கேட்டு வாங்குங்கள். நான் டியூப் லைட் மாதிரி நீளமாக இருக்கும் 20 வாட் எல்இடி பேட்டன் இரண்டு வாங்கி, ஒன்றை மேசைக்கு மேலேயும் ஒன்றை வருகிறவர் பக்கத்துச் சுவரிலும் போட்டேன். இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் கையெழுத்துப் போடும்போது சொந்தக் கை நிழலே எழுத்தின் மேல் விழாது. வயதானவர்கள் எங்கேம்மா கையெழுத்து என்று தடவித் தேடுவது அதோடு நின்றுவிட்டது. ஒரு மேசை விளக்கு, ஒயர்களை மூட வெள்ளைக் கேசிங் பட்டி, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 1,900. ஒயரை மறைத்ததும் அறை பெருக்கி விட்டது போல ஆனது.

இனி அலங்காரம். சிம்மக்கல் மாதிரிப் பழைய பகுதி என்றால் உங்கள் சுவர் சுண்ணாம்புச் சுவராக இருக்கலாம். டிரில் போட்டால் உள்ளே மணல் மாதிரி உதிரும், ஆணி நிற்காது. நம் பழைய வீடுகளில் சுவரின் நீளத்துக்கு ஒரு ரீப்பர் கட்டை அடித்து, தாத்தா பாட்டி படங்களையெல்லாம் கொஞ்சம் முன்னால் சாய்த்து வரிசையாக மாட்டியிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதையே செய்தேன். எட்டடி ரீப்பர், வார்னிஷ், உறுதியான இடம் பார்த்து நாலு ஸ்க்ரூ, 300 ரூபாய். எல்லாப் படமும் அந்தக் கட்டையில்தான் தொங்குகிறது. படத்தை மாற்ற நினைத்தால் புது ஓட்டை போட வேண்டாம், வீட்டுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

அதில் மாட்டியது இரண்டே இரண்டு. ஒன்று என் அம்மாவின் பழைய சுங்குடி. அரக்குச் சிவப்பு, கரை கிழிந்துபோனதால் கட்டாமல் பெட்டியில் கிடந்தது. நடுவிலிருந்து இரண்டுக்கு மூன்றடி வெட்டி, பிளைவுட்டில் இழுத்து அடித்துச் சட்டம் போட்டேன், 650 ரூபாய். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் துணி இது; 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். பிரித்தால் கட்டிய இடம் மட்டும் வெள்ளை வளையமாக நிற்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்றில் நடுவே சாயம் லேசாகக் கசிந்திருக்கும். விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் இன்னும் சின்னதாகப் புடைத்திருக்கும். அதனால்தான் கண்ணாடி போடவில்லை, விளக்கும் அதில் பட்டுக் கண்ணை அடிக்கும். இப்போது கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் பிரிண்டும்தான். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், விலையும் குறைவு. உங்கள் வீட்டில் பழைய சேலை இருக்கிறதா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். வெயில் நேராகப் படும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத் தெப்பத்தன்று என் அக்கா மகன் போனில் எடுத்த படம். தண்ணீரில் மைய மண்டபத்தின் விளக்குகள், கரையில் கூட்டம். ஸ்டுடியோவில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேமும் சேர்த்து 550. போன் படம் அந்த அளவுக்குத் தாராளமாகத் தாங்கும். அதை வருகிறவர் கண்ணுக்கு நேராக, என் தலைக்கு இடது பக்கம் மாட்டியிருக்கிறேன். அனுப்பானடிக்காரர் ஒருவர், கணக்கைப் பற்றி ஒன்றும் பேசாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தெப்பத்துக்கு நான் வடம் பிடிச்சு இழுத்திருக்கேம்மா" என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் பேசினார். அப்புறம்தான் பையைத் திறந்தார். ஓடும் குதிரை, வெளிநாட்டு நீர்வீழ்ச்சி, உழைப்பைப் பற்றிய பொன்மொழிப் பலகை இதையெல்லாம் வாங்கும் காசுக்கு உங்கள் ஊர்ப் படம் ஒன்றை நீங்களே எடுத்து மாட்டுங்கள். யானைமலை, வைகைப் பாலம், உங்கள் தெரு எதுவானாலும் சரி.

காலண்டர்களில் தேதி கிழிக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். நல்ல நேரம் பார்க்க எல்லோருக்கும் அது வேண்டும். சாமி படம் ஒன்று போதும். ஊதுபத்தி ஏற்றுவீர்கள் என்றால் அதற்கு மேலே சுவரில் ஒரு டைல்ஸ் துண்டை ஒட்டிவிடுங்கள், புகைக்கறை துடைத்தால் போய்விடும்.

நாற்காலிக்கு என்று புதுசாக எதுவும் வாங்கவில்லை. பழைய சாமான் கடையில் கைப்பிடி வைத்த மர நாற்காலி இரண்டு, பின்னல் கிழிந்து கிடந்தது, 1,200க்குத் தந்தார்கள். ஒயர் பின்னல் புதிதாகப் போட்டுக் கொடுத்தவருக்கு 900. வயதானவர்கள் எழுந்திருக்கும்போது கை ஊன்றக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலி உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவருக்கு வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் விளிம்பில் உட்கார்ந்து தடுமாறுகிறார்கள்.

கதவோரம் ஒரு மானாமதுரை மண்பானை, ஸ்டாண்டும் மூடியும் சேர்த்து 400. மாடி ஏறி வருகிறவருக்கு முதல் வேலையாகத் தண்ணீர் மோந்து கொடுக்கலாம். பானைக்கு அடியில் தட்டு வையுங்கள், கசியும். கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. செடி என்றால் மணி பிளான்ட் ஒன்று, மருள் (ஸ்நேக் பிளான்ட் என்பார்கள்) இரண்டு, தொட்டியோடு 350. இரண்டுமே குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும். மருளுக்கு மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், தினமும் ஊற்றினால் அழுகிவிடும். துளசியை அறைக்குள் வைக்காதீர்கள், பாவம், வெயில் இல்லாமல் வாடிப்போகும்.

உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று நீங்கள் சொல்லவில்லை. மேற்கு என்றால் தட்டியை முதல் வாரமே கட்டிவிடுங்கள். வடக்கு என்றால் தட்டி தேவையில்லை, அந்த 850ஐ இன்னொரு விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய சாமான் கடையில் மேசையோ பீரோவோ பிடித்துப்போனால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.